பனையேறி: கடைமடை மீன்கள் சிலவற்றின் வரலாறு

நம் இலக்கிய வட்டம் தொடங்கிய ஆண்டுகளில் நடந்த கவியரங்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தலைப்பு காவிரி. இளங்கவிஞர் ஒருவர் தலைவியின் கண்ணுக்குக் கயலை உவமையாக்கி ஒரு விருத்தம் பாடினார். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். நிரவிப் பக்கத்து உழவர். "தம்பி, கயலுன்னு பாடினீங்களே, அது எந்த மீனுங்க? நான் பார்த்த மீன்ல ஒண்ணா, பாக்காத மீனா?" என்று கேட்டார். அவையில் சிரிப்பெழுந்தது. கவிஞரும் சிரித்தார். விடை மட்டும் எவரிடமும் இல்லை.

முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்த நானும் வாய்மூடியே இருந்தேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். கயலுக்குக் கெண்டை என்று பொருள் தந்திருந்தது. கெண்டையைத் தேடினேன், ஒருவகை மீன் என்றிருந்தது. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. கயலைப் பற்றி இன்றும் என்னால் உறுதியாக ஒன்றும் கூற இயலாது. ஆனால் அதைத் தேடப் போன வழியில், நம் வாய்க்கால்களிலும் கழிமுகங்களிலும் வாழும் மீன்கள் உலக அறிவியலுக்குள் நுழைந்த கதை கிடைத்தது. அவை நம் கண்முன்னே அருகிவரும் கதையும் அதனோடு சேர்ந்தே கிடைத்தது.

நம் ஊருக்கு வடக்கே நண்டலாற்றைக் கடந்தால் தரங்கம்பாடி தொலைவில்லை. தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் அவ்வூரைப் பெற்றது 1620-இல். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-இல். இரு கொடிகளின் கீழ் இருந்த அண்டை ஊர்கள். நீர் ஒன்று, மீன் ஒன்று, வலைஞர் பேச்சும் ஒன்று. தரங்கம்பாடி என்றதும் நமக்குச் சீகன்பால்குவும் அச்சுக்கூடமும் நினைவுக்கு வரும். அதே ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்கை நூலார் ஒரு குழுவாக வாழ்ந்தனர் என்பதை நம்மில் பலர் அறியோம். ஸ்வீடனின் பேரறிஞர் லின்னேயசிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மிஷன் மருத்துவராக அங்கு வந்தார். 1776-இல் வந்த போதகர் ரொட்லர் செடிகொடிகளைத் திரட்டி உலர்த்தித் தொகுத்தார். தமிழன்பர்கள் ரொட்லரை அகராதிக்காரராகவே அறிவர். 1834 தொடங்கிச் சென்னையில் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதி அவருடையதே. சொல்லைத் தொகுத்த கையும் செடியைத் தொகுத்த கையும் ஒரே கை என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. 1788-இல் அவ்வூரில் அறிவியல் கழகம் ஒன்றும் எழுந்தது. பத்தாண்டு காணும் நம் வட்டத்துக்கு அது ஒருவகையில் முன்னோடி எனலாம். அவர்கள் பாடவில்லை, பார்த்தார்கள்.

அவர்களுள் நமக்கு முதன்மையானவர் போதகர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான். 1771-இல் வந்து, 1813-இல் அவ்வூரிலேயே மறைந்தவர். கடற்கரையில் வலையிழுக்கும் இடங்களிலும் குளக்கரைகளிலும் கிடைத்த மீன்களைச் சாராயத்தில் ஊறவைத்துப் பெர்லின் நகருக்கு அனுப்பினார். அங்கே அவற்றைப் பெற்றுக்கொண்டவர் மார்க்குஸ் எலியேசர் பிளாக் என்ற யூத மருத்துவர். மருத்துவத்தொழில் செய்துகொண்டே உலகின் மீன்களையெல்லாம் ஒரு நூலில் அடக்க முனைந்தவர். 432 வண்ணப் படங்களுடன் வெளிவந்த அப்பெருநூலில் தரங்கம்பாடி மீன்கள் பல இடம்பெற்றன. அனுப்பியவருக்கு நன்றியாகப் பிளாக் 1793-இல் ஒரு மீன் பேரினத்துக்கே 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். எந்த மீன் என்கிறீர்களா? நம் மீன் அங்காடியில் நாள்தோறும் கூவி விற்கப்படும் கத்தாளைதான். காற்றுப்பையை அதிரச் செய்து நீருக்குள் ஒலியெழுப்பும் இனம் அது. கத்துவதால் கத்தாளை ஆயிற்றோ என்று நான் எண்ணுவதுண்டு. சொல்லாராய்ச்சி வல்லார் தீர்க்கட்டும். அப்பேரினத்தில் ஒன்றுக்கு 'கருட்டா' என்று சிறப்புப் பெயர். அது லத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று. 'கருத்த கத்தாளை' என்று வலைஞர் சொன்ன சொல், போதகர் காதில் விழுந்து, கடல் கடந்து, பெர்லினில் அச்சேறியது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஜானின் பெயர் மீனுக்கு வந்தது. மண்ணுளிப் பாம்புக்கும் வந்தது. 1801-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் அப்பாம்புக்கு ஜானின் பெயரைச் சூட்டினார். இருதலை மணியன் என்றழைத்து, வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்று மூடர் சிலரை நம்பவைத்து, இலட்சக்கணக்கில் விலைபேசிக் கடத்துகிறார்களே, அந்த அப்பாவிப் பாம்புதான் அது. ஆனால் விடியலில் வலையிழுத்து மீனைத் தந்தவர், குளத்தில் இறங்கித் துழாவிப் பிடித்தவர் ஆகியோரில் ஒருவர் பெயரும் ஒரு மீனுக்கும் சூட்டப்படவில்லை. அவர்கள் கொடுத்த சொற்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சின. மருதத் திணைப் பாட்டில் துள்ளாத இடமில்லை என்னும்படி துள்ளும் வாளையை உயிரியலார் 'வல்லாகோ அட்டு' என்பர். பிளாக் மறைந்தபின் 1801-இல் ஷ்னைடர் நிறைவுசெய்து வெளியிட்ட நூலில் அப்பெயர் வருகிறது. அதிலுள்ள 'அட்டு', 'ஆத்து வாளை' என்ற நம் பேச்சுவழக்கின் முதற்சொல்லே என்பது என் துணிபு.

இத்தனை மீன்களிலும் ஐரோப்பாவை மிகவும் மயக்கியது பனையேறிக் கெண்டை. டேனிய கம்பெனிப் படையில் துணைத்தளபதியாக இருந்த டால்டார்ஃப் என்பவர், 1791 நவம்பரில் தரங்கம்பாடிக் குளக்கரைப் பனை ஒன்றில் இம்மீன் ஏறிக்கொண்டிருந்ததைத் தம் கண்ணால் கண்டதாக எழுதினார். நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரம். செவுள் மூடியின் முட்களை மரப்பட்டையில் பதித்து, வாலை வளைத்து உந்தி, அடித்துடுப்பின் முள்ளை ஊன்றி, மீண்டும் செவுளை விரித்து மேலே பற்றியது என்பது அவர் விவரணை. லண்டன் லின்னேயர் கழகம் 1797-இல் அதை அச்சிட்டது. ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மழைநீர் மரத்தில் வழிந்தோடும் நாட்கள் அவை.

மீன் மரமேறுமா? நூறாண்டுக்கு மேல் இது வழக்காகவே இருந்தது. நம்பினவர் உண்டு, நகைத்தவர் உண்டு. கல்கத்தாவில் ஆய்ந்த பி.கே. தாஸ் 1927-இல் வேறொரு விளக்கம் தந்தார். மழையில் ஒரு குளத்திலிருந்து மற்றொரு குளத்துக்குத் தரைவழியே நகரும் இம்மீனைக் காகமும் பருந்தும் கவ்விச் சென்று மரக்கவட்டில் வைக்கின்றன. முள் குத்தவே விட்டுவிடுகின்றன. எளிதில் சாகாத மீனாதலால் அங்கே உயிரோடு கிடக்கிறது. பனை ஏறுபவர் கண்ணில் படுகிறது. அறிவுக்குப் பொருந்தும் விளக்கமே. எனினும் டால்டார்ஃப் ஏறும்போதே கண்டேன் என்கிறார். ஐந்தடி ஏறியதைக் கண்டவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உச்சிவரை ஏறிக் கள் குடித்தது என்று அவர் சொல்லவில்லையே.

மரமேறுவது எவ்வாறாயினும் தரையில் நடப்பது உண்மை. இதன் தலைக்குள் செவுளுக்கு மேலே சுருண்டு சுருண்டமைந்த ஓர் உறுப்பு இருக்கிறது. அதனால் காற்றை நேரே உட்கொண்டு மூச்சுவிடும். வியப்பு என்னவென்றால், நீரின் மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால் இது மூச்சுமுட்டி இறந்துவிடும். 1816-இல் பிரெஞ்சு அறிஞர்கள் இதற்கு 'அனாபஸ்' என்று பேரினப் பெயர் வைத்தார்கள். ஏறுதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பனையேறி என்ற தமிழ்ப் பெயரில் பனை உதிர்ந்து, ஏறி மட்டும் கிரேக்க உடை பூண்டது. அடுத்த ஆண்டு, 1817-இல், ஆங்கிலேயர் பிடியிலிருந்த காரைக்கால் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. பாரிசில் பெயர் பெற்றுவிட்ட மீன், புதிதாக வந்திறங்கிய அதிகாரிகளின் வீட்டுப் பின்புறத்துக் குட்டையிலேயே நீந்திக்கொண்டிருந்திருக்கும்.

பனையேறி மட்டுமன்று. பிளாக் பெயரிட்ட வராலும் தேளியும்கூடக் காற்றை உட்கொண்டு வாழ வல்லவை. இது தற்செயலன்று. கோடையில் வற்றி, ஆடியில் நனைந்து, ஐப்பசியில் பெருகும் நிலம் நம்முடையது. வற்றும் சேற்றில் ஈரம் உள்ளவரை உயிர் தாங்கி, முதல் மழையில் புறப்பட்டு, வயல்வெளியில் முட்டையிடும் வாழ்க்கைக்கு இம்மீன்கள் காலங்காலமாகப் பழகியவை. வராலைப் பாருங்கள். செந்நிறப் பார்ப்புகள் திரளாக மேலே மிதக்க, தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். அந்தத் திரளைக் கண்டு அடியில் தூண்டிலிடுவோர் ஒரு மீனைப் பிடிப்பதில்லை, ஒரு குலத்தையே பிடிக்கிறார்கள். வறட்சியைத் தாங்கப் பழகிய இம்மீன்களுக்கு நஞ்சைத் தாங்கும் பழக்கம் இல்லை. வாளைக்கோ வறட்சியைத் தாங்கும் வலுவும் இல்லை. அது ஓடும் ஆற்றின் மீன். ஆறு ஓடினால்தான் அதற்கு வாழ்வு.

ஆறு நின்ற கதைக்கு வருவோம். 1830-களில் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் அணைகள் கட்டினார். தஞ்சை நாடு செழித்தது. அதை மறுப்பது நன்றிகொன்ற செயல். ஆனால் அதே காட்டன் 1867-இல், பேராறுகளின் குறுக்கே எழுப்பப்படும் அணைகளால் மீன்வளத்துக்குத் தீங்கு நேரலாம் என்று இங்கிலாந்திலிருந்த அரசுச் செயலரின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். கட்டியவரே கேட்ட கேள்வி அது. அதன் விளைவாக ஆராயப் பணிக்கப்பட்டவர் பிரான்சிஸ் டே என்ற படைமருத்துவர். அவர் 1873-இல் அளித்த அறிக்கை, ஏறிவரும் மீனை அணைக்கட்டுகள் மறிப்பதையும் குஞ்சுகளைக்கூட விடாத சிறுகண் வலைகளையும் எடுத்துரைத்தது. நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன்பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் பிறந்ததற்கு அவர் உழைப்பு ஒரு காரணம். சட்டம் வந்தது. அணையை ஏற மீனுக்கு வழி வரவில்லை.

இழப்பின் முதற்பலி உல்லம். வங்காளியர் 'இலிஷ்' என்று உயிராகப் போற்றும் மீனுக்கு நம் பெயர் அது. கடலில் வளர்ந்து, வெள்ளம் வரும்போது ஆற்றின் நன்னீரில் ஏறி முட்டையிடும். வங்கத்து ஆறுகளைப் போலவே காவிரியிலும் கொள்ளிடத்திலும் அது ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே, சென்னை மாகாண அரசு அணைக்கரையில் அதன் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றதென்றால், அப்போதே குறைவு கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. வெள்ளம் அணைக்குள் அடங்கியது. காவிரி உல்லம் கதையாயிற்று. கங்கைக் கரைக் கவிஞர்கள் இலிஷைப் பாடிக்கொண்டேயிருக்கிறார்கள். காவிரிக் கரையில் அதற்கு ஓர் இரங்கற்பாகூட எழுந்ததாக நான் காணவில்லை.

பிந்தைய கதை நாமறிந்தது. 1952-இல் ஆப்பிரிக்க நாட்டுத் திலாப்பியா இந்தியாவுக்குள் விடப்பட்டது. ஜிலேபிக் கெண்டை என்று இனிப்பாகப் பெயர் வைத்து வரவேற்றோம். இன்று எந்தக் குளத்தில் வலை வீசினாலும் அதுவே வருகிறது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வந்தது. உரமும் பூச்சிக்கொல்லியும் பின்தொடர்ந்தன. எண்டோசல்ஃபானை உச்சநீதிமன்றம் 2011-இல் தடைசெய்யும்வரை எத்தனை வயல்மீன்கள் வயிறு மேலாக மிதந்தனவோ. 1990-களில் கடலோரம் இறால் பண்ணைகள் பெருகி, உப்புநீர் வயலுக்குள் வந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை நம் கடற்கரை மறக்கக்கூடாது. 2005-இல் வந்த சட்டம் அத்தொழிலை முறைப்படுத்தி நிலைக்கவும் வைத்தது என்பது வேறு செய்தி.

இனி நீரைப் பற்றி. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் ஆற்றின் மொத்த நீரை 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டது. அது கீழணையில் வைத்து எடுத்த கணக்கு. அதற்குக் கீழே உள்ள நாம் கணக்கின் வாலில் இருக்கிறோம். புதுவை மாநிலத்துக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. அது மூத்த மாநிலங்கள் உண்டபின் மிஞ்சும் பிடிச்சோறு. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் கருநாடகத்தின் பங்கையும் தமிழகத்தின் பங்கையும் மாற்றியமைத்தபோதும் இந்த 7 மாறவில்லை. இவ்வளவும் நாளேடுகளில் படித்ததே. ஆனால் அப்பட்டியலின் அடியில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. சுற்றுச்சூழல் காப்புக்கு 10 டி.எம்.சி. தவிர்க்க இயலாமல் கடலுக்குச் செல்வதாக 4 டி.எம்.சி. வாளைக்கும் வராலுக்கும், கழிமுகத்துக் கத்தாளைக் குஞ்சுக்கும், அலையாத்திச் செடிக்கும், அதன் கிளையிலமரும் கொக்குக்கும் நாரைக்கும் ஆற்றில் உரியது இவ்வளவே. 740-இல் 14.

அந்த நான்கையும் நாம் உரிமையாக எண்ணுவதில்லை, கசிவாக எண்ணுகிறோம். 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்பது நம் மேடைகளில் தேய்ந்த தொடர். நானும் ஒரு பொங்கல் மலரில் அப்படியே ஒரு வெண்பா எழுதியிருக்கிறேன். தளை தட்டவில்லை, உண்மைதான் தட்டிற்று. ஆற்றுநீர் உப்புநீரோடு கலக்கும் கழிமுகமே கடல்மீன்கள் பலவற்றின் தொட்டில். அரசலாற்று முகத்துவாரத்துக்கு நன்னீர் வராத ஆண்டில் உப்பு உள்ளேறுகிறது, கிணறும் கெடுகிறது, மீன்குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லாமற் போகிறது. நண்டலாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு என்று ஆறுகளின் பெயர்களை அடுக்குவதில் நமக்கு மகிழ்ச்சி. அவற்றுள் ஆண்டு முழுதும் ஓடுவது எது என்று கேட்டால் அந்த முதியவர் முன் நின்ற நிலையே நமக்கு நேரும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஆற்று வாளை இப்போது அழிவுக்கு ஆளாகத்தக்க இனம். பனையேறி அப்பட்டியலில் கவலைக்குரியதன்று. கிழக்காசிய நாடுகள் வரை பரவிய மீனாதலால் அதன் குலம் நிலைக்கும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகள் சிலவற்றில் இதே இனம் குடியேறிவிட்டது. பெருநிலத்துக்குள் வந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். உலகக் கணக்கு அது. திருநள்ளாற்று வாய்க்காலில் ஒரு மீன் இல்லாமற் போவதை உலகப் பட்டியல் எதுவும் குறிப்பதில்லை. அதைக் குறிப்பவர் அந்த வாய்க்காலில் கால் நனைத்தவராகவே இருக்க வேண்டும். கோடியக்கரையில் 1967-இல் வனவிலங்குக் காப்பகம் அமைந்தது. வெளிமானும் வலசை வரும் பறவையும் அங்கே காக்கப்படுகின்றன. வயல்மீனுக்குக் காப்பகம் என்று தனியே ஓர் இடம் அமைக்க முடியாது. நஞ்சு கலவாத ஒரு போக வயலும், மண்கரையோடு விட்டுவைத்த ஒரு வாய்க்காலும், முட்டையிடும் மாதத்தில் வலையை மடித்துவைக்கும் வழக்கமும்தான் அதன் காப்பகம்.

பிளாக் சேர்த்த மீன்களில் நூற்றுக்கணக்கானவை இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரு உலகப் போர்களுக்கும் தப்பிய புட்டிகள். நம் கரையிலிருந்து போனவையும் அவற்றுள் உண்டு.

சென்ற ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மாலை, நெடுங்காடு சாலையில் நடந்துவந்தேன். தார்ச்சாலையின் நடுவில் கறுத்த ஒன்று புரண்டு நகர்ந்தது. எங்கள் தெருப் பையன் மிதிவண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்து, "தாத்தா, ஜிலேபி!" என்றான். "ஜிலேபி இல்லடா, பனையேறி" என்றேன். "பனை ஏறுமா?" என்று கேட்டான். டால்டார்ஃபின் கதையைச் சொன்னேன். ஏற வேண்டிய பனை எங்கே என்று சுற்றும்முற்றும் பார்த்தான், மின்கம்பம்தான் இருந்தது. பின்னால் ஒரு பேருந்து வரும் ஒளி தெரிந்தது. என் குடையின் நுனியால் மெல்லத் தள்ளிச் சாலையின் மறுபக்கம் சேர்த்தோம். செவுளை விரித்து ஊன்றி, வாலை வளைத்து, புல்லுக்குள் இறங்கி, வாய்க்கால் நீரில் அது மறைந்தது. இதைச் சொல்ல நிரவிக்குப் போனேன். கயலைக் கேட்ட முதியவர் அதற்கு முந்திய சித்திரையிலேயே காலமாகிவிட்டார் என்றார்கள்.